ஐப்பசியில் உப்பிய ஜன்னல்

இடித்த வீடொன்றிலிருந்து வாங்கி வந்து புது ஃபிளாட்டில் மாட்டிய தேக்கு ஜன்னல் அது. ஐப்பசி அடைமழையில் உப்பிப்போய் மூட மறுத்தது. சாரல் உள்ளே அடித்தது.

"சீவி விடுங்க. இல்லேன்னா கழட்டிட்டு அலுமினியம் போட்டுடலாம்" என்றாள் வீட்டுக்காரி வசுமதி. ஆசாரி வேலாயுதம் பையிலிருந்து மரம் சீவும் இழைப்புளியை எடுத்தார்.

"அண்ணே, சீக்கிரம் சீவு. எனக்குப் பயமா இருக்கு" என்றது ஜன்னல்.

இழைப்புளி அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது. "இது சதை இல்லடா, மழைத்தண்ணி. இப்ப சீவினா இன்னைக்கு மூடுவே. பங்குனி வெயில்ல காய்ஞ்சு சுருங்கினதும் உன் இடுக்குல பல்லி புகுந்து வரும். அப்புறம் உன்னை யாரு வெச்சுக்குவா?"

சொல்லிவிட்டு, ஆசாரி எவ்வளவு தள்ளியும் நகராமல் நின்றுகொண்டது.

வேலாயுதம் மரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "ஈரம் நிக்குதும்மா. வெயில் வரட்டும்" என்று ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டார்.

"பங்குனி வரைக்கும் பார்ப்பேன்" என்றாள் வசுமதி. அதுவரை இடுக்கில் பழைய துண்டைத் திணித்து வைத்தாள்.

பங்குனியில் எதிர் ஃபிளாட்டுக்கு வேலைக்கு வந்த ஆசாரியை அவள் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினாள். பைக்குள் இழைப்புளியைக் கண்டதும் ஜன்னல், "ரொம்ப நன்றிண்ணே!" என்றது.

"நான் உன்மேல ஒரு கீறல்கூடப் போடலியேடா!"

வசுமதி ஒற்றை விரலால் தள்ள, ஜன்னல் மெதுவாக வந்து மூடிக்கொண்டது. வெளியே கொளுத்திய வெயிலில் ஒரு கீற்றுகூட உள்ளே வரவில்லை.