பெயருக்கு அடியில்

மரக்காணம் உப்பளத்தில் இறங்குகிறவர்கள் காலையில் கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள்; இல்லாவிட்டால் உப்பு தோலைத் தின்றுவிடும். ஆதிமூலத்துக்கு அவன் பெண்டாட்டி கலைமதிதான் தேய்த்துவிட வேண்டும். அவன் இடது முன்கையில் ‘வசந்தி’ என்று பச்சை குத்தியிருந்தது. கட்டியவளின் விரல்கள் தினமும் அந்தப் பெயரின் மேல் வழுக்கிப் போயின.

பெயருக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி கிளம்பியபோது அவள் வயிறு குளிர்ந்தது. வெறும் கொழுப்பு, ஒன்றும் செய்யாது என்று சொல்லி டாக்டர் அதிலும் மண்ணைப் போட்டார்.

மாரடைப்பில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, தன் கைக்கு எண்ணெய் தேய்க்கையில் அவள் விரலில் அது தட்டுப்பட்டது. அதே இடம், அதே கோலிக்குண்டு.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். கட்டி தோலுக்கடியில் நழுவி ஓடியது.

“வலிக்குதாம்மா?”

“இல்லீங்க. இது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டிக்குமா?”

“கொழுப்புக் கட்டி யாருக்கும் ஒட்டாதும்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்.”

எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சால் துடைத்தவர், கட்டியின் மேல் தெரிந்த பச்சை எழுத்தைப் படித்தார். “வசந்தி யாரு, உங்க பொண்ணா?”

பிறந்ததிலிருந்து பச்சையே குத்திக்கொள்ளாத கலைமதி, முந்தானையால் கையை மூடினாள். “எங்க வீட்டுக்காரருக்கு வேண்டியவங்க.”

உப்பு தின்னட்டும் என்று மறுநாள் அவள் எண்ணெய் தேய்க்காமலே உப்பளத்தில் இறங்கினாள். சாயங்காலம் கை முழுக்க வெடித்து எரிந்தது. பெயரின் மேல் மட்டும் எண்ணெய் மினுங்கியது.