மடங்குகிற கத்தி

இப்போதெல்லாம் எந்தக் கடைக்காரனும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பார்த்திருந்தால் இந்தப் பாண்டி பஜார்க்காரன் பொன்னுரங்கத்தின் கையில் கத்தியைக் கொடுத்திருப்பானா? திண்டுக்கல் பூட்டு மாதிரி கனக்கிறது. கட்டைவிரலால் தள்ளியதும் டக்கென்று விரிகிறது அலகு. விளக்கு வெளிச்சம் அதில் தெறித்துக் கடைக்காரன் கழுத்தில் போய் நிற்கிறது. மகள் மணிமொழிக்கும் அதே இடத்தில்தான் புருஷன் நெரித்த விரல் தடம் கன்றிக் கிடக்கிறது. “ஏழாயிரம், பெரியவரே. மலையேறப் போறவங்க வாங்குவாங்க. பேரனுக்கா?” போனைத் தேய்த்தபடியே கேட்கிறான். “மருமவனுக்கு” என்கிறார். “எலும்புல பட்டா மடங்கிக்காதா நைனா?” “லாக் இருக்குல்ல? அமுக்குனாத்தான் மடங்கும்.” அமுக்குகிறார். அலகு தலைகுனிந்து பிடிக்குள் படுத்துக்கொள்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் மருமகன் பாலுவும் இப்படித்தான் மடங்கி அவர் காலில் விழுந்தான். வீட்டுக்குப் போனதும் விரிந்துவிட்டான். மறுபடி விரிக்கிறார், மடக்குகிறார். கட்டைவிரலில் ரத்தம் கசிவதை வேட்டியில் துடைத்துக்கொண்டு கத்தியைக் கண்ணாடிமேல் வைக்கிறார். “மடங்குறத நம்ப முடியாதுப்பா. மடங்காதது எங்க கெடைக்கும்?” அப்போதுதான் கடைக்காரன் தலை நிமிர்கிறான். அவன் முகம் மாறுவதைப் பார்க்க நிற்காமல் பொன்னுரங்கம் கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிறார்.