புள்ளி மேலே

மூடியைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈர வாசனை முகத்தில் வந்து மோதியது.

பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். அதில் கட்டைவிரலால் அழுத்திய இரண்டு குழிகள். குழிக்கு ஒன்றாக இரண்டு முட்டைகள், சுண்ணாம்பு வெள்ளையில். ஒவ்வொன்றின் உச்சியிலும் பொட்டு வைத்தாற்போல ஒரு பென்சில் புள்ளி.

மூத்த மருமகள் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. பெரியம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அப்போதுதான் மாடியேறி வந்திருந்தாள்.

கீழே மீன்தொட்டிக் கடையில் அவள் புருஷனும் கொழுந்தனும் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மதியத் தூக்கத்தில். இளைய மருமகள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் சத்தம் கேட்டது.

மூத்தவள் இங்கே அங்கே திரும்பாமல் நேராக இளையவளின் இந்தப் பெட்டியிடம்தான் வந்தாள்.

கடைக்கு விற்பனைக்கு வந்த சிறுத்தைப் புள்ளிப் பல்லிகளில் பெண் இரண்டு. வளர்த்துப் பாருங்கள் என்று மருமகள்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். ஆண் ஒன்றுதான், இரண்டுக்கும் அதுவே மாப்பிள்ளை.

ஒரே மாப்பிள்ளை, ஒரே புழு, ஒரே விளக்குச் சூடு.

இளையவளின் பல்லி முதலில் வைத்த டப்பாவிலேயே குழி பறித்து முட்டையிட்டு, வயிறு தொய்ந்து வெளியே வந்தது.

மூத்தவள் மணலைச் சலித்துப் போட்டுப் பார்த்தாள். பாசி வைத்துப் பார்த்தாள். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்திலும் பழைய டப்பா ஒன்றின் மூடியில் வாசல் வெட்டி, நார்த்தூளை நனைத்து நிரப்பி, சூடான மூலையாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் பல்லியோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளைப் போல உள்ளே போகும், நாலு மூலையையும் பார்க்கும், பிடிக்கவில்லை என்று வெளியே வந்துவிடும்.

"எதுக்கும் கைராசி வேணும்" என்றார் மாமியார். பார்த்தது இளையவளை. சொன்னது மூத்தவளுக்கு.

இளையவள் வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் பட்டுப்போன செடி துளிர்த்தால் அவள் கைராசி. கடையில் கூட்டம் வந்தால் அவள் கால் வைத்த நேரம். இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்த கைக்கு ஒரு பெயரும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, அவள் நல்லவளாகவும் இருந்தாள். சண்டை போடக்கூட ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

முட்டைக்குப் புள்ளி வைத்த அன்று அவளே கூப்பிட்டுக் காட்டினாள். "புள்ளி எப்பவும் மேலயே இருக்கணும் அக்கா. புரண்டுருச்சுன்னா உள்ள இருக்கிற குட்டி மூழ்கிடுமாம்."

மூத்தவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

ஓடு கோழிமுட்டையைப் போலக் கெட்டியாக இல்லை. தோல்போல மெத்தென்று இருந்தது. லேசாக உருட்டினாள். புள்ளி சரிந்து பக்கவாட்டுக்கு வந்து, அடியில் போய் மறைந்தது.

தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல அத்தனை சுலபமாக இருந்தது.

ஒன்று மட்டும் கெட்டால் சந்தேகம் வரும். இரண்டாவதையும் உருட்டினாள்.

மூடியை அழுத்தி மூடியபோது, இத்தனை நாள் வயிற்றில் கனன்றுகொண்டிருந்தது சட்டென்று அணைந்தது. பசிகூட எடுத்தது.

படியில் கொலுசுச் சத்தம். காலி வாளியோடு இளையவள் இறங்கி வந்தாள்.

"வந்துட்டீங்களா அக்கா? உங்க பல்லியப் பாத்தீங்களா?"

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தாள் மூத்தவள். தன் அறைக்குப் போனாள். இளையவளும் பின்னாலேயே வந்தாள்.

கண்ணாடித் தொட்டிக்குள் பல்லி தண்ணீர்க் கிண்ணத்தில் மோவாயை வைத்துக் கிடந்தது. ஊருக்குப் போகும்போது வயிற்றுத் தோலுக்குள் வெள்ளையாகத் தெரிந்த இரண்டு உருண்டைகளையும் காணவில்லை. வயிறு காலிப் பைபோலத் தொங்கியது.

"நீங்க கெளம்பின மறுநாளே இட்டுருச்சு அக்கா. நீங்க கடைசியா வச்சுட்டுப் போன டப்பாவுலதான். என்னோடது ரெண்டும் கூமுட்டை. பூஞ்சை புடிச்சுப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். இப்ப அந்தப் பெட்டியில இருக்கிறது உங்களோடது."

குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள செவப்பா நரம்பு ஓடுது. அத்தைகிட்டகூட சொல்லல. நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்னு வச்சிருக்கேன்."

மூத்தவள் தொட்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? பஸ்ஸுல வந்த களைப்பு. ஒக்காருங்க, குடிக்க ஏதாவது கொண்டாறேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மூத்தவள் திரும்பப் பெட்டியிடம் வந்து மூடியில் கை வைத்தாள். திறக்கவில்லை.

புரட்டியதை மறுபடி புரட்டினால் பிழைக்குமா, இல்லை இருக்கிற உயிரும் போய்விடுமா?

கேட்டால் சொல்லக்கூடியவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் உள்ளே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.