முன்னால் போனவள்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். வெளிநாடு ஒன்றில் அவசரமில்லாமல் ஊர் ஊராகச் சுற்றினால் பழைய பேச்சு திரும்பிவிடும் என்று அவள் நம்பினாள். புழுக்கத்தில் அவன் வாயே திறக்கவில்லை.

முதல் ஊர் விடுதிக்காரி அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். "வாங்கம்மா! போன மாசம் தனியா வந்தீங்க, இப்ப வீட்டுக்காரரோடவா?"

"நான் இந்த நாட்டுக்கே இப்பதாங்க வர்றேன்."

விடுதிக்காரி நம்பவில்லை.

இரண்டாவது ஊரில் பழக்கடைக்காரர், "போன வாரம் வந்தீங்களே" என்றார். மூன்றாவது ஊரில் ஒரு தையல்காரி, முந்தாநாள் அவள் தைக்கக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு சட்டையை நீட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது. "எவ்வளவு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்க!" என்றாள்.

"எவன்கூட வந்தே, சொல்லித் தொலை" என்று பேருந்தில் அவன் நச்சரித்தான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கடைசி ஊரின் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தானேம்மா ஏறினீங்க?"

படகு கொஞ்ச தூரம் போயிருந்தது. அதன் கடைசிப் பலகையில் அவளே உட்கார்ந்து, ஈரத் தலையைக் காற்றில் உலர்த்தியபடி, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். "நில்லும்மா! நானும் வர்றேன்!"

அந்தக் குரலில் அவன் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. படகிலிருந்தவள் யாரோ எவரோ என்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தண்ணீரில் இறங்கினான். துறையில் நிற்பவளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் படகின் பின்னால் நீந்தத் தொடங்கினான்.