காலை ஆறு மணிப் படம்

செத்துப்போன பெண்ணிடமிருந்து இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் படம் வந்துவிட்டது. பேராசிரியர் வெங்கடேசன் அதை மறுபடி திறந்து பார்த்தார். தண்ணீரில் உப்பைக் காட்டும் அந்தக் குட்டி மீட்டரில் 2140 என்று இருந்தது.

செங்கல்பட்டில் அந்தக் கல்லூரியின் மாடி அரங்கில் இளநிலை மாணவர்களின் ஆய்வுக் கண்காட்சி இன்னும் அரை மணியில் தொடங்கும். வரலாற்றுத் துறை கோட்டைச் செங்கல்லைப் பற்றியும், பொருளியல் துறை மீன் விலையைப் பற்றியும் போஸ்டர் ஒட்டியிருந்தன. வேதியியல் துறையின் போஸ்டரில் ‘கடப்பாக்கம் கிணற்று நீரில் உப்பு: 365 நாள் அளவீடு’ என்று தலைப்பு. அதன் கீழே கொட்டை எழுத்தில் மாணவர் பெயர்: இனியன்.

இனியன் அந்தக் கிணற்றைக் கண்ணால் பார்த்தது கிடையாது. துறைத்தலைவருக்கு அக்கா மகன். அவன் செய்த ஆய்வு அவ்வளவுதான்.

முன்னூற்று இருபத்து நான்கு நாள் அந்தக் கிணற்றில் வாளி விட்டவள் ஜெயப்பிரியா. கடைசி மூன்று நாள் காய்ச்சலோடு போனாள். “ஒரே ஒரு நாள் லீவு குடுங்க சார்” என்று போனில் கேட்டாள். “ஒரு நாள் விட்டாலும் பேரு வராதும்மா” என்றார் வெங்கடேசன்.

அன்று காலை அளவெடுத்தாள். மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. ராத்திரி போய்விட்டாள்.

விடியற்காலையில் உடல் வீட்டுக்கு வந்தது. ஆறு மணிக்கு, அவள் எண்ணிலிருந்து வெங்கடேசனுக்கு அன்றைய அளவும் வந்தது.

உயிரோடிருந்தவரை எண்ணைத் தட்டித்தான் அனுப்புவாள். செத்த பிறகு ஒரு எழுத்து இல்லை, படம் மட்டும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெள்ளைக் கோட்டின் கைமுனை. அதில் கறுப்பாக ஒரு கறை. முதல் வருஷம் லேபில் ஜெயப்பிரியா சில்வர் நைட்ரேட்டைக் கொட்டிக்கொண்ட கறை, எத்தனை துவைத்தாலும் போகாதது.

வெங்கடேசன் பயந்தார். திருப்போரூர் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து போனுக்குப் பூசினார். ஆனால் அந்த எண்ணை பிளாக் மட்டும் செய்யவில்லை. வந்த அளவையெல்லாம் இனியன் பெயரிலிருந்த அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வந்தார். பேய் கொடுத்தால் என்ன, டேட்டா டேட்டாதானே.

போஸ்டரில் கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து 2140 என்று எழுதினார்.

பக்கத்துப் போஸ்டருக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்த காயத்ரி போனை எட்டிப் பார்த்துவிட்டாள். ஜெயப்பிரியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

“அது பிரியா நம்பர்தானே சார்?”

“நீதான் அனுப்புறியா? வெளையாட்டா இது?”

“நானா? நான் அனுப்பியிருந்தா படத்தோட நாலு வார்த்தையும் சேத்து அனுப்பியிருப்பேன் சார்.”

“அப்ப யாரு? அவங்க வீட்ல வேற யாரு இருக்கா?”

“அம்மா மட்டும்தான்.”

“அந்தம்மா ஸ்காலர்ஷிப் ஃபார்ம்லயே கைநாட்டு வெச்சவங்க. போனைத் தொடவே பயப்படுவாங்கன்னு அவளே சொல்லியிருக்கா.”

“அப்போ அவதான் சார்” என்றாள் காயத்ரி, கண்ணை எடுக்காமல். “கால் பண்ணுங்க. அவளையே கேளுங்க.”

நாற்பத்தொரு நாளாகச் செய்யாததை வெங்கடேசன் செய்தார்.

மணி அடித்தது. அவர் காதோரத்தில் மட்டுமல்ல, மாடிப்படியிலும் அடித்தது. ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தது.

வாசலில் வெள்ளைக் கோட் தெரிந்தது. கைமுனையில் கறுப்புக் கறை.



கோட்டுக்குக் கீழே புடவை தெரிந்தது. நடவுக்குப் போகிறவர்கள் புடவைமேல் சட்டை மாட்டிக்கொள்வது மாதிரி கோட்டை மாட்டிக்கொண்டு, ஜெயப்பிரியாவின் அம்மா கன்னியம்மா உள்ளே வந்தாள். ஒரு கையில் மீட்டர். மறு கையில் அடித்துக்கொண்டே இருக்கும் போன்.

“இத்த எப்டி நிறுத்தறதுன்னு தெர்ல சார். போட்டோ புடிச்சு அந்த அம்பைத் தொடுன்னு மட்டுந்தான் சொல்லிக் குடுத்துச்சு.”

காயத்ரி போனை வாங்கி நிறுத்தினாள்.

“ஆசுபத்திரில படுத்துகினே சொல்லுச்சு சார். இன்னும் நாப்பத்தோரு நாளுதான் பாக்கிம்மா, நான் வர்ற வரிக்கும் நீ எடுத்துடுன்னு. ஒரு நாளு வுட்டாலும் பேரு வராதாமே. கோட்டு போடாம எடுத்தா செல்லாதுன்னு வேற சொன்னீங்களாமே. பொணத்த வூட்ல வெச்சுகினு போயி எடுத்தேன் சார். இன்னியோட நாப்பத்தொண்ணும் ஆயிட்ச்சு, மீட்டரக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

காயத்ரி நகர்ந்து வந்து போஸ்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கன்னியம்மா அவளைத் தோளைத் தொட்டு விலக்கினாள். விரலைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு, அந்தக் கொட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“இதான சார் எம் பொண்ணு பேரு?”