ராசியான சர்வர்

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் கிழட்டு சர்வர் ஒன்று இருந்தது. பரீட்சை முடிவு, சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் அதன் தலையில்தான். வேலை கொஞ்சம் கூடினாலும் அதற்கு மூச்சு வாங்கும்.

"இன்னைக்குத் தொழில்நுட்பக் குழு ஆன்லைன்ல கூடுது. உனக்குப் பதிலா புதுசு வாங்கலாமான்னு பேசப் போறாங்க" என்றது பக்கத்திலிருந்த யூபிஎஸ்.

"அந்தக் கூட்டத்தையும் நான்தானே சுமக்கணும்? நடுவுல மயங்கி விழுந்துடறேன். அப்பவாவது என் நிலைமை புரியட்டும்" என்றது சர்வர்.

துணைவேந்தர் பேச ஆரம்பித்ததும் சர்வர் சொன்னபடியே விழுந்தது. திரையில் எல்லார் முகமும் மறைந்தது. கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

"அவசரக்குடுக்கை. அவங்க முடிவெடுக்கற வரைக்குமாவது நிக்க வேண்டாமா?" என்று யூபிஎஸ் திட்டியது.

அடுத்த மாதம் சர்வர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கூட்டம் முழுக்க ஒருவர் குரல்கூட விட்டுவிட்டு வரவில்லை.

"இவ்வளவு நல்லா ஓடுற மெஷினை எதுக்குங்க மாத்தணும்?" என்றார் துணைவேந்தர். "ராசியான மெஷின்." குழு மொத்தமும் தலையாட்டியது.

ஆயுத பூஜை வந்தது. சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, காற்றுப் போகும் ஓட்டைகளை மறைத்துப் பெரிய மாலையும் போட்டார்கள்.

"வேகுதுப்பா. இப்ப நிஜமாவே விழப்போறேன்" என்றது சர்வர்.

"விழுந்துடாதே" என்றது யூபிஎஸ். "நீ ஏன் விழுந்தேன்னு விசாரிக்க இன்னொரு குழு போடுவாங்க. அந்தக் கூட்டத்தையும் நீதான் சுமக்கணும்."