ஆறு மாதத்துக்கு ஒரு தடவை

“இன்னிக்கு யாரைப் பாக்க இந்தச் சிங்காரம்?”

தலையில் கனகாம்பரம் செருகிக்கொண்டிருந்த கண்ணாயி திரும்பவில்லை. “வாசலூர்பட்டி வரைக்குங்க. ஒரு வேலைங்க.”

என்ன வேலை என்று புருஷன் சென்றாயன் கேட்கிற விதத்தில் கேட்டுப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆடியிலும் தையிலும் முதல் புதன்கிழமை வந்தால் இவளுக்கு இதே வேலைதான். நல்ல சேலை கட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாளாம். கட்டினவனோடு கோயிலுக்குப் போகக்கூட இப்படிக் கிளம்பியதில்லை. மலைக்குக் கீழேயிருந்து எவன் வருகிறான்? மிளகு வியாபாரியா, லாரிக்காரனா? இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சென்றாயன் பின்னாலேயே போய்ப் பலாமரத்து மறைவில் நின்றான்.

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்த பஸ் நின்றது. ஃபைலும் குடையுமாக ஒரு பெண் இறங்கினாள். கண்ணாயி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்து எத்தனை வருஷம்! அதற்கும் பொறாமையாகத்தான் இருந்தது.

“ஏனுங்க, நீங்க யாருங்க?” என்று வெளியே வந்தான்.

கண்ணாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் பதறவில்லை.

“நீங்கதான் இவங்க ஊட்டுக்காரருங்களா? என் பேரு சுகந்திங்க, சேலத்துலருந்து வாரேன். மலையில பொம்பளைங்க ஒடம்பு எப்படி இருக்குதுன்னு அஞ்சு வருசமா எழுதறோம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதே ஆளைப் பாக்கோணும். ஊரு மாறிட்டா எங்க தேடறதுன்னுதான் கவலைங்க.”

இவ்வளவுதானா! சென்றாயனுக்கு மலையே இறங்கிய மாதிரி இருந்தது.

“அதுக்கென்னங்க! முள்ளுக்குறிச்சியில இவ அக்கா சுப்பம்மாள் ஊடு இருக்குது. எங்க போனாலும் அங்க கேட்டாச் சொல்லிருவாங்க, எழுதிக்குங்க. அடுத்த தடவை இவ மறந்தாலும் நானே கூட்டியாரேன்!”

சொல்லிவிட்டு, விசிலடித்தபடி டீக்கடைப் பக்கம் நடந்தான்.

அவன் தலை மறைந்தபிறகு சுகந்தி ஃபைலைத் திறந்தாள். “சொல்லு கண்ணு, இந்த ஆறு மாசத்துல அவரு உன்னை எத்தனை தடவை அடிச்சாரு?”

“பதினொண்ணுங்க அக்கா. இன்னிக்குக் காலையில அடிச்சதையும் சேத்துக்கிட்டா பன்னண்டு.”